பார்சல் வண்டிக்குப் பின்னால் ஒரு கணக்கு

யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் கம்பெனிகளின் தொழிலாளர் உறவு: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். வியாபாரத்தில் அந்தப் பூசாரி, சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பவர்தான். மில்லில் சரக்கு தயாராக இருக்கலாம். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கலாம். கல்லாவில் பணமும் இருக்கலாம். வண்டி புறப்படவில்லை என்றால் மூன்றுமே பயனில்லை. லாரி ஸ்டிரைக், சுமை தூக்குவோர் கூலித் தகராறு என்று ஏதாவது ஒன்றில் சிக்கிப் பண்டிகை நேரத்தில் சரக்கு புக்கிங் ஆபீசிலேயே கிடந்த அனுபவம் இல்லாத வியாபாரி நம்மில் அபூர்வம்.

பார்சல் சர்வீஸ்காரரிடம் நாம் வழக்கமாக இரண்டு கேள்விகள்தான் கேட்கிறோம். வாடகை எவ்வளவு? எத்தனை நாளில் வந்து சேரும்? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. இந்தச் சரக்கைத் தூக்கி வரும் ஆள் யாருடைய ஆள்? அவருக்கும் கம்பெனிக்கும் என்ன ஏற்பாடு? முதல் இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை இந்த மூன்றாவது கேள்விதான் காட்டும்.

இதைப் படிக்க அமெரிக்காவின் பார்சல் தொழில் நல்ல பாடப்புத்தகம். அங்கே யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் என்று இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரே தெருவில், ஒரே கடைக்காரரிடம், ஒரே மாதிரி பார்சலுக்குப் போட்டி போடுகின்றன. ஒன்றில் வண்டி ஓட்டுபவர்களும் சரக்குப் பிரிப்பவர்களும் பலம் வாய்ந்த தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். மற்றொன்றில் விமானிகளைத் தவிர உள்நாட்டுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கிடையாது. திருப்பூரிலிருந்து சாம்பிள் அனுப்பும் ஏற்றுமதியாளர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் பழக்கமானவைதான். சங்கம் இருப்பதால் என்ன ஆகிறது, இல்லாததால் என்ன ஆகிறது, அதில் கடைக்காரருக்கு லாபமா நஷ்டமா என்று பார்ப்போம்.

வணிகர்களை நம்பிப் பிறந்த கம்பெனி

யுனைடெட் பார்சல் சர்வீஸ் என்பதன் சுருக்கமே யு.பி.எஸ். 1907ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் ஜிம் கேசி என்ற 19 வயது இளைஞர் 100 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய தொழில் இது. முதலில் தகவலும் கடிதமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டெலிபோன் பரவியதும் அந்த வேலை குறைந்தது. உடனே கடைகளின் பார்சலைச் சுமக்க ஆரம்பித்தார்கள். 1913ல் ஒரு போட்டிக் கம்பெனியோடு சேர்ந்து, 'மெர்ச்சன்ட்ஸ் பார்சல் டெலிவரி', அதாவது வணிகர் பார்சல் டெலிவரி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். பெரிய கடைகளில் வாங்கிய சாமான்களை வாடிக்கையாளர் வீட்டில் சேர்ப்பதே தொழில். ஒவ்வொரு கடையும் தனித்தனியாக வண்டி வைத்து ஆள் போடுவதைவிட, பல கடைகளின் பார்சலை ஒரே வண்டியில் ஏற்றினால் எல்லோருக்கும் செலவு மிச்சம். இந்த எளிய கணக்கில்தான் கம்பெனி வளர்ந்தது. இன்றைய பெயர் 1919ல் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1910களிலேயே இந்தக் கம்பெனியின் ஓட்டுநர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். கேசி அதை எதிர்த்து நிற்கவில்லை. 'டீம்' என்றால் அங்கே வண்டியில் பூட்டும் குதிரைகளைக் குறிக்கும். 1903ல் குதிரை வண்டிக்காரர்கள் அமைத்த அந்தச் சங்கம், பிற்காலத்தில் லாரி ஓட்டுநர்களின் சங்கமாக வளர்ந்தது.

சங்கம் இருந்ததால் வேலையில் தளர்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்குவது, பார்சலை எடுப்பது, வாசலுக்கு நடப்பது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து அளந்த கம்பெனி அது. ஒரு கையில் கண்டிப்பு, மறு கையில் நல்ல சம்பளம், ஓய்வூதியம், மருத்துவ வசதி. ஓட்டுநர் வேலையில் சேர்ந்தவர் பல ஆண்டுகள் அதே வேலையில் நிலைத்தார். தன் தெருவில் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். 1975ல் அமெரிக்கக் கண்டத்தில் ஒன்றோடொன்று இணைந்த 48 மாநிலங்களிலும் எல்லா முகவரிக்கும் பார்சல் சேர்க்கும் கம்பெனியாக யு.பி.எஸ். ஆனது.

இரவில் பறந்து வந்த போட்டி

ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனியை ஃபிரெடரிக் ஸ்மித் 1971ல் நிறுவினார். 1973 ஏப்ரல் 17 அன்று மெம்ஃபிஸ் நகரிலிருந்து தொழில் தொடங்கியது. முதல் இரவில் 14 சிறிய விமானங்கள், 25 நகரங்கள், மொத்தம் 186 பார்சல்கள். எல்லாப் பார்சலையும் இரவோடு இரவாக ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, விடிவதற்குள் ஊர் ஊராகத் திருப்பி அனுப்புவது அவர் கண்ட முறை.

ஸ்மித் தொடக்கத்திலிருந்தே சங்கம் வேண்டாம் என்ற கொள்கையில் உறுதியாக இருந்தார். அதற்காக ஆட்களை உதாசீனம் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆட்கள் முதலில், சேவை அடுத்து, லாபம் அதற்கு அடுத்து என்ற வரிசையைக் கம்பெனியின் கொள்கையாக வைத்தார். மேலாளர் மீது குறை இருந்தால் படிப்படியாக மேலிடம் வரை முறையிட ஒரு ஏற்பாடும் செய்தார். சங்கம் செய்யும் வேலையைக் கம்பெனியே செய்துவிட்டால் சங்கத்துக்குத் தேவை இராது என்பது இதில் அடங்கிய கணக்கு. ஆனாலும் முறையீட்டைக் கேட்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் கம்பெனிக்காரர்தானே என்று சங்கத்தார் கேட்ட கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விமானிகள் அந்த ஏற்பாட்டோடு திருப்தி அடையாமல் 1990களில் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

இரண்டு சட்டம், இரண்டு கதவு

ஒரே தொழில் செய்யும் இரண்டு கம்பெனிகளில் ஒன்றில் சங்கம் வேரூன்றவும் மற்றொன்றில் நுழைய முடியாமல் போகவும் முதலாளிகளின் மனப்போக்கு மட்டும் காரணம் இல்லை. இரண்டுக்கும் சட்டமே வேறு.

அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் தொழில்களுக்கு 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தும். யு.பி.எஸ். வண்டி ஓட்டுநர்கள் இதன் கீழ் வருகிறார்கள். ரயில்வேக்கு 1926ல் தனிச் சட்டம் வந்தது. 1936ல் விமானக் கம்பெனிகளையும் அதில் சேர்த்தார்கள். ஃபெடெக்ஸ் விமானக் கம்பெனியாகப் பிறந்ததால், அதன் எக்ஸ்பிரஸ் பிரிவில் தரையில் வண்டி ஓட்டுபவரும் இந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறார்.

வித்தியாசம் எங்கே என்றால், முதல் சட்டப்படி ஒரு கிளையில் வேலை செய்பவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைக்கலாம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், மதுரைக் கிளைக்காரர்கள் மதுரையோடு முடித்துக்கொள்ளலாம். தேர்தல் கேட்க அந்தக் கிளையில் 30 சதவீதம் பேர் கையெழுத்திட்டால் போதும். ரயில்வே சட்டப்படி அது முடியாது. நாடு முழுவதும் அதே வேலை பார்க்கும் எல்லோரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். அதைக் கேட்கவே பாதிப் பேரின் கையெழுத்து தேவை. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் ஓட்டுநர்களிடம் கையெழுத்து வாங்குவது மலையைப் புரட்டுவது மாதிரி. வேலை நிறுத்தமும் எளிதல்ல. அரசின் சமரச வாரியம் இனி முடியாது என்று கைவிட்ட பிறகு, மேலும் 30 நாள் பொறுக்க வேண்டும்.

நாட்டின் போக்குவரத்து ஒரு ஊர்த் தகராறால் நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த சட்டம் அது. ஆனால் இரண்டு கம்பெனிகளுக்கும் இது வியாபாரப் போட்டியாகவே ஆகிவிட்டது. 1995ல் வேறொரு சட்டத்தைத் திருத்தும்போது, ரயில்வே தொழிலாளர் சட்டத்திலிருந்து எக்ஸ்பிரஸ் கம்பெனி என்ற சொல் நீங்கியது. 1996ல் விமானத் துறை மசோதாவில் அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்தார்கள். செனட்டர் எட்வர்ட் கென்னடி கடுமையாக எதிர்த்தும் மசோதா நிறைவேறியது. 2009ல் ஃபெடெக்ஸ் ஓட்டுநர்களை மற்றச் சட்டத்துக்கு மாற்ற ஒரு முயற்சி நடந்தது. யு.பி.எஸ். கம்பெனியும் டீம்ஸ்டர்ஸ் சங்கமும் ஒரே பக்கம் நின்று அதை ஆதரித்தன. ஃபெடெக்ஸ் பெரும் விளம்பரம் செய்து எதிர்த்தது. கடைசியில் 2012ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த மாற்றம் இடம்பெறவில்லை.

சம்பளம் அதிகம் கொடுக்கும் முதலாளி, போட்டியாளரும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று விரும்புவது இயற்கை. சங்கமும் முதலாளியும் எப்போதும் எதிரிகள் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியை நினைவில் வைக்க வேண்டும்.

1997: பதினைந்து நாள் வேலை நிறுத்தம்

இனி வியாபாரிகளை நேரடியாகத் தொட்ட சம்பவத்துக்கு வருவோம். 1997 ஆகஸ்ட் 4 அன்று யு.பி.எஸ். கம்பெனியின் சுமார் 1,85,000 டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பார்சல்களைக் கையாண்ட கம்பெனி ஒரே நாளில் முடங்கியது. விமானிகளும் மறியலை மதித்து வேலைக்குப் போகவில்லை.

சண்டை எதைப் பற்றி? முக்கியமாகப் பகுதிநேர வேலை. இரவில் சரக்குப் பிரிக்க மூன்று, நான்கு மணி நேரம் மட்டும் ஆட்களை வைத்துக்கொள்வது கம்பெனிக்கு மலிவு. அவர்களுக்கு ஆரம்பக் கூலி மணிக்கு 8 டாலர் என்று 1982ல் வைத்தது, 1997 வரை மாறவே இல்லை. 15 ஆண்டுகளில் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலர் ஆண்டுக்கணக்கில் முழுநேர வேலைக்குக் காத்திருந்தார்கள். ஓய்வூதிய நிதியைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து பிரித்துத் தனியாக நடத்தக் கம்பெனி கேட்டதும் இன்னொரு காரணம்.

வழக்கமாக வேலை நிறுத்தம் என்றால் பொதுமக்கள் முகம் சுளிப்பார்கள். இந்த முறை அப்படி நடக்கவில்லை. காலப் கருத்துக் கணிப்பில் 55 சதவீதம் பேர் தொழிலாளர் பக்கமும் 27 சதவீதம் பேர் கம்பெனி பக்கமும் நின்றார்கள். தினமும் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிப் பேசும் ஓட்டுநரை எல்லோருக்கும் தெரியும். கம்பெனி முதலாளியை யாருக்கும் தெரியாது. அதோடு, பகுதிநேர வேலையின் கஷ்டம் பல வீடுகளில் தெரிந்த கஷ்டமாகவே இருந்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல ஃபெடெக்ஸ் முதலிய போட்டிக் கம்பெனிகளுக்கும் தபால் துறைக்கும் வேலை குவிந்தது. ஆனால் அவர்களாலும் ஒரு அளவுக்கு மேல் தாங்க முடியவில்லை. ஆகவே ஏற்கெனவே தங்களிடம் கணக்கு வைத்திருந்தவர்களுக்கே முதலிடம் கொடுத்தார்கள். இந்த இடத்தில்தான் சிறு வியாபாரி அடிபட்டார். பெரிய கம்பெனிக்கு நான்கு பார்சல் கம்பெனிகளோடு பழக்கம் உண்டு. சரக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டது. தபால் மூலம் ஆர்டர் பிடித்து, எல்லாவற்றையும் யு.பி.எஸ். ஒன்றையே நம்பி அனுப்பிய சிறு கடைக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை. சரக்கும் கையில், ஆர்டரும் கையில், அனுப்ப மட்டும் வழியில்லை.

அதிபர் கிளிண்டன் சட்டத்தைப் பயன்படுத்தி வேலை நிறுத்தத்தைத் தடை செய்ய மறுத்தார். தொழிலாளர் துறை அமைச்சர் அலெக்சிஸ் ஹெர்மன் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். ஆகஸ்ட் 19 அன்று உடன்பாடு ஏற்பட்டது. பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர வேலைகள், ஐந்து ஆண்டுகளில் முழுநேரக்காரருக்கு மணிக்கு 3.10 டாலரும் பகுதிநேரக்காரருக்கு 4.10 டாலரும் உயர்வு, ஓய்வூதிய நிதி பழையபடியே என்பவை முக்கிய அம்சங்கள். கம்பெனி தனக்கு 60 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது.

வெற்றி பெற்ற சங்கத்துக்கும் சோதனை வந்தது. வேலை நிறுத்தம் முடிந்த சில நாட்களிலேயே, சங்கத் தலைவர் ரான் கேரியின் 1996ஆம் ஆண்டுத் தேர்தல், நிதி முறைகேடு காரணமாகச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அவர் பதவியை இழந்தார். பின்னாளில் அவர் மீது தொடரப்பட்ட வழக்கில் 2001ல் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. எந்த அமைப்பானாலும், நம் வணிகர் சங்கமே ஆனாலும், கணக்கு சுத்தமாக இல்லாவிட்டால் வென்றதையும் இழக்க நேரும்.

மூன்றாவது வழி: வண்டியும் உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையது

1985ல் ஆர்.பி.எஸ். என்ற பார்சல் கம்பெனி தரைவழியில் யு.பி.எஸ்.ஸோடு போட்டிக்கு வந்தது. அங்கே ஓட்டுநர் சம்பளக்காரர் கிடையாது. சொந்தமாக வண்டி வாங்கி, டீசல் போட்டு, இன்சூரன்ஸ் கட்டி ஓட்டும் தனி ஒப்பந்ததாரர். சம்பளக்காரர் இல்லை என்றால் ஓவர்டைம் இல்லை. சங்கம் வைக்கும் சட்ட உரிமையும் இல்லை. ஃபெடெக்ஸ் 1998ல் இந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அதுவே பிறகு ஃபெடெக்ஸ் கிரவுண்ட் என்ற பெயர் பெற்றது.

கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றும். ஆளும் ஒரு சிறு முதலாளி ஆகிறார் அல்லவா? ஆனால் எந்த உடை உடுத்துவது, வண்டிக்கு என்ன நிறம் அடிப்பது, எந்தத் தெருவுக்குப் போவது, எத்தனை பார்சல் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கம்பெனியே சொன்னது. செலவும் நஷ்டமும் வரும்போது மட்டும் ஓட்டுநர் முதலாளி. இந்த முரண்பாடு கோர்ட்டுக்குப் போனது. 2014ல் கலிபோர்னியா ஓட்டுநர்கள் சட்டப்படி கம்பெனியின் தொழிலாளர்களே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015ல் கலிபோர்னியா வழக்கை முடிக்க 22 கோடியே 80 லட்சம் டாலர், 2016ல் 20 மாநிலங்களின் வழக்குகளை முடிக்க 24 கோடி டாலர் கொடுக்க ஃபெடெக்ஸ் ஒத்துக்கொண்டது.

இந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஏற்பாடு மாறியது. தனி ஓட்டுநருக்குப் பதிலாக, பல வண்டிகளும் ஆட்களும் வைத்திருக்கும் சிறு கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்தார்கள். அமேசான் 2018ல் தொடங்கிய டெலிவரி பார்ட்னர் திட்டமும் இதே மாதிரிதான். வண்டியில் ஒரு பெயர் எழுதியிருக்கும். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். ஓட்டுநருக்கு உண்மையான முதலாளி யார் என்ற வழக்கு அமேசானையும் விடவில்லை.

2023: நிற்காத வண்டி, ஆனாலும் போன சரக்கு

2023 ஜூலை 31 அன்று யு.பி.எஸ். ஒப்பந்தம் முடிய இருந்தது. சங்கத்தின் கீழ் இருந்தவர்கள் சுமார் 3,40,000 பேர். வேலை நிறுத்தத்துக்கு 97 சதவீத ஆதரவு ஓட்டு வாங்கிக்கொண்டு, ஷான் ஓ'பிரையன் தலைமையில் சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது. கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது, ஜூலை 25 அன்று உடன்பாடு ஏற்பட்டது. உறுப்பினர்களில் ஓட்டுப் போட்டவர்களில் 86.3 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள். பகுதிநேர ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலர் ஆயிற்று. முழுநேர ஓட்டுநரின் உச்சக் கூலி ஒப்பந்தம் முடியும்போது சராசரி 49 டாலர். ஒரே வேலைக்குக் குறைந்த கூலி பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டுநர் முறை ஒழிந்தது. வெயிலில் வேகும் வண்டிகளுக்குப் பதில், 2024 முதல் வாங்கும் புதிய வண்டிகளில் ஏ.சி. வைக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம்கூட வேலை நிற்கவில்லை. அப்படியும் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பார்சல்கள் யு.பி.எஸ்.ஸை விட்டுப் போட்டிக் கம்பெனிகளுக்குப் போய்விட்டன என்று கம்பெனியே சொன்னது. 1997ஐ மறக்காத வியாபாரிகள் முன்கூட்டியே வேறு வழி பார்த்துக்கொண்டதன் விளைவு அது.

அதற்கு அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 2024 ஜனவரியில் யு.பி.எஸ். 12,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை மேலாளர் பதவிகள். அமேசான் பார்சல்களைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்வதாக 2025 ஜனவரியில் முடிவு செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மேலும் 20,000 வேலைகளைக் குறைத்து 73 இடங்களை மூடப்போவதாகச் சொன்னது. லாபம் குறைந்த சரக்கை விட்டுவிடுவதும், ஆள் செய்த வேலைக்கு இயந்திரம் வைப்பதும் அதன் வழியாயிற்று. கூலி உயர்வு வேலையில் இருப்பவருக்கு நல்ல வாழ்வைத் தருகிறது. எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்பதை அது உறுதி செய்யாது. சங்கத்தாரும் எதிர்கொள்ள வேண்டிய கஷ்டமான கணக்கு இது.

வாடகை குறைந்ததா?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சங்கம் உள்ள கம்பெனி கூடுதல் சம்பளம் கொடுக்கிறது. சங்கம் இல்லாத கம்பெனிக்கும், காண்ட்ராக்ட் கம்பெனிக்கும் செலவு குறைவு. அப்படியானால் அந்த மிச்சம் கடைக்காரருக்கு வாடகைக் குறைவாக வந்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டு கம்பெனிகளும் அறிவித்த பொது வாடகை உயர்வைப் பாருங்கள். 2023க்கு யு.பி.எஸ். சராசரி 6.9 சதவீதம் உயர்த்தியது, ஃபெடெக்ஸும் 6.9 சதவீதம். 2024க்கு யு.பி.எஸ். 5.9, ஃபெடெக்ஸும் 5.9. 2025லும் இருவருக்கும் அதே 5.9. ஒருவர் விலை சொன்னால் மற்றவர் அதையே சொல்கிறார். கூலியில் மிச்சம் பிடித்தது கம்பெனியிலேயே தங்குகிறது, அல்லது அளவில் பெரிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகப் போகிறது. வாரத்துக்குப் பத்துப் பார்சல் அனுப்பும் கடைக்காரர் அட்டவணை விலைக்குப் பக்கத்திலேயே கொடுக்கிறார்.

செலவு மறைந்துபோவதும் இல்லை. சங்க ஒப்பந்தத்தில் அது சம்பளமாக முன்பே தெரிகிறது. காண்ட்ராக்டில் கோர்ட் நஷ்ட ஈடாக, அடிக்கடி மாறும் ஓட்டுநராக, வழி தெரியாமல் திரும்பிப் போகும் பார்சலாகப் பின்னால் தெரிகிறது. சங்கம் இருந்தால் சரக்கு நிற்கும், இல்லாவிட்டால் மலிவாக ஓடும் என்று நம்மில் பலர் சொல்லும் சூத்திரத்துக்கு இந்த இரண்டு கம்பெனிகளின் கணக்கில் ஆதாரம் இல்லை.

நமக்கு உரிய பாடங்கள்

1. இரண்டாவது பார்சல் சர்வீஸோடு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை சற்று அதிகமானாலும் பத்துக்கு இரண்டு மூட்டையாவது அவர்கள் வழியாக வரட்டும். நெருக்கடி நாளில் புதிதாகப் போய் நிற்பவருக்கு இடம் கிடைக்காது. பழகிய வாடிக்கையாளருக்கே முதல் இடம் என்பதை 1997 காட்டியது.

2. கூலி ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்று கேட்டு வையுங்கள். சுமை கூலி ஆனாலும், லாரி செட் ஆனாலும், மார்க்கெட் கமிட்டி ஆனாலும் ஒப்பந்தத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அமெரிக்க வியாபாரிகளுக்கு அடுத்த தேதி 2028 ஜூலை 31. ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த தேதி அது. தேதி தெரிந்தவர் பத்து நாள் சரக்கை முன்கூட்டியே இறக்கிக்கொள்வார்.

3. சேதமானால், தொலைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். போர்டில் ஒரு பெயரும் வண்டியில் வேறு ஆளும் என்றால், புக்கிங் செய்த கம்பெனி கையைக் கழுவிவிட இடம் உண்டு. ரசீதில் யார் பெயர், யார் கையெழுத்து என்று பார்த்துப் பழக வேண்டும்.

4. பேரத்தைச் சேர்ந்து பேசுங்கள். ஒரு பஜாரில் இருக்கும் முப்பது கடைக்காரர்கள் தனித்தனியாகக் கேட்டால் அட்டவணை விலை. சங்கத்தின் பெயரால் சேர்ந்து கேட்டால் தள்ளுபடி. பல கடைப் பார்சலை ஒரே வண்டியில் ஏற்றியதில்தானே அந்தக் கம்பெனியே பிறந்தது. தொழிலாளர் சேர்ந்து கூலி பேசுவதும் நாம் சேர்ந்து வாடகை பேசுவதும் ஒரே நியாயத்தில் நிற்பவை. ஒன்றை உரிமை என்றும் மற்றொன்றைத் தொல்லை என்றும் சொல்ல முடியாது.

5. நம் கடை ஆட்களின் கணக்கையும் பாருங்கள். 8 டாலர் கூலி 15 ஆண்டுகள் நகராமல் இருந்ததுதான் 1997ஆம் ஆண்டு நெருப்புக்கு விறகு. கடையில் பொட்டலம் மடிப்பவர், மூட்டை இறக்குபவர், சைக்கிளில் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகும் பையன், இவர்களுக்குக் கடைசியாக எப்போது சம்பளம் உயர்த்தினோம்? தீபாவளிக்குத் துணியும் போனஸும் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. கேட்பதற்கு முன் கொடுக்கும் நூறு ரூபாய்க்கு இருக்கும் மதிப்பு, சண்டைக்குப் பிறகு கொடுக்கும் ஐநூறு ரூபாய்க்கு இருக்காது.

அமெரிக்காவில் பொதுமக்கள் 1997ல் தொழிலாளர் பக்கம் நின்றதற்குக் காரணம், வாசலுக்கு வந்த அந்த ஆளை அவர்களுக்குத் தெரியும் என்பதே. நம் வாடிக்கையாளர்களுக்கும் நம் கடைப் பையனைத் தெரியும். வீட்டு அம்மாவிடம், இன்றைக்குத் துவரம் பருப்பு புதுசு என்று சொல்லி ஆர்டர் வாங்கி வருபவன் அவன்தான். அவன் மனநிறைவோடு இருக்கும் கடைக்கு வாடிக்கையும் நிலைக்கும், சரக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்.